இரண்டு சிலிண்டர், 35 கிலோவாட்

மியூனிக்குக்கு விருந்தாளிகள் வந்தால் நம் வீடுகளில் ஒரு வழக்கமான சுற்று உண்டு. முதல் நாள் மரியன்பிளாட்ஸும் ஒலிம்பிக் பூங்காவும், மறுநாள் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. ஒலிம்பிக் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்தில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. வெல்ட்டுக்குள்ளும் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். அனுமதி இலவசம், பிள்ளைகள் கார்களில் ஏறி உட்காரலாம், நல்ல படங்கள் கிடைக்கும். அங்கிருந்து நடைபாலத்தைத் தாண்டி எதிரே இருக்கும் மியூசியத்துக்குப் போகிறவர்கள் குறைவு. அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்.

அந்த டிக்கெட்டை வாங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, உங்கள் வீட்டில் 15 வயதுக்கும் 20 வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்து, "பைக்" என்று பேச்சை ஆரம்பித்திருந்தால்.

எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டது. என் பெரியப்பா 1970களில் எர்லாங்கனுக்கு வேலைக்கு வந்தவர். அவர் மகள், எனக்கு அக்கா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அக்கா பையனுக்கு 19 வயது. ஏ2 லைசென்ஸ் எடுத்து, இரண்டு சிலிண்டர் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். நான் கோவையிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்து, சாஃப்ட்வேர் வேலையோடு மியூனிக்கிலேயே தங்கிவிட்டவன். போன வருடம் ஒருநாள் அக்கா போன் செய்தார்.

"டேய், இவன் பைக்கை ஓப்பன் பண்ணப் போறேங்கிறான். வேண்டாம்னு சொன்னா, 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா'ங்கிறான். நெஜமாவே எனக்குத் தெரியல. நீ இன்ஜினியர்தானே, பேசு."

"நான் சாஃப்ட்வேர், அக்கா."

"பரவால்ல, நீ சொன்னா கேப்பான்."

கேட்பானா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு சனிக்கிழமை அவனை மியூனிக்குக்கு வரச் சொன்னேன்.

அந்தச் சின்ன உலோகத் துண்டு

ஜெர்மனியில் ஏ2 லைசென்ஸ் 18 வயதில் கிடைக்கும். அதை வைத்து 35 கிலோவாட் வரை, அதாவது சுமார் 48 குதிரைத்திறன் வரை உள்ள பைக்கை ஓட்டலாம். பெரிய பைக்கை வாங்கி அதன் திறனைக் குறைத்தும் ஓட்டலாம், ஆனால் அந்த பைக்கின் அசல் திறன் 70 கிலோவாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. குறைக்கப் பயன்படும் தடுப்புக்கு இங்கே 'ட்ரோசல்' என்று பெயர். சில பைக்குகளில் அது சாஃப்ட்வேரில் ஒரு வரம்பு, சிலவற்றில் காற்று போகும் வழியில் ஒரு வளையம். மருமகனின் பைக்கில் அது ஆக்சிலேட்டர் முழுதாகத் திறக்காமல் நிறுத்தும் ஒரு சின்ன உலோகத் துண்டு.

"மாமா, ஒரு ஸ்க்ரூ. அதைக் கழட்டினா 35 எழுபது ஆயிடும். அரை மணி நேர வேலைன்னு ஃப்ரெண்ட் சொல்றான். இதுல என்ன பெரிய விஷயம்?"

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் மியூசியத்துக்குள் போனோம்.

எட்டரையிலிருந்து பதினாறு

நான்கு சிலிண்டர்களைச் சேர்த்து நிறுத்தியதுபோல் ஒரு கோபுரம், அதன் காலடியில் வெள்ளிக் கிண்ணம் போல் மியூசியம். இரண்டையும் வடிவமைத்தவர் கார்ல் ஷ்வான்சர். 1973இல் திறந்தார்கள், 2008இல் விரிவாக்கினார்கள். உள்ளே கார்கள்தான் அதிகம். நாங்கள் நேரே மோட்டார் சைக்கிள் பகுதிக்குப் போய் ஆர் 32 முன்னால் நின்றோம்.

பார்க்க சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். 1923இல் வந்த இதுதான் பி.எம்.டபிள்யூ. என்ற பெயரில் விற்ற முதல் மோட்டார் சைக்கிள். முதல் உலகப் போர் முடிந்து வெர்சாய் ஒப்பந்தம் வந்தபோது ஜெர்மனியில் விமான இன்ஜின் செய்வது நின்றுபோனது. வேலை இல்லாமல் நின்ற அந்தத் தொழிற்சாலை வேறு கம்பெனிகளுக்காகச் சின்ன இரட்டை சிலிண்டர் இன்ஜின் செய்து கொடுக்க ஆரம்பித்தது. அதை வாங்கியவர்கள் ஒரு சிலிண்டர் முன்னும் ஒரு சிலிண்டர் பின்னுமாக வண்டியில் வைத்தார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைத்தது, பின் சிலிண்டர் சூட்டில் வெந்தது. விமான இன்ஜின் வடிவமைத்துப் பழகிய மாக்ஸ் ஃப்ரிட்ஸ் அந்த இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டரும் வண்டியின் இரண்டு பக்கமும் காது போல் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் ஒரே காற்று. நூறு வருடம் கழித்து இன்றைக்கும் அந்த அமைப்பு ஓடுகிறது.

திறனைக் கூட்டுவதற்கு முன்னால் சூட்டைச் சமாளித்திருக்கிறார்கள் என்பதை அவனிடம் சொல்லி வைத்தேன். இது பிறகு தேவைப்படும்.

ஆர் 32: 494 சிசி, நிமிடத்துக்கு 3200 சுற்றில் 8.5 குதிரைத்திறன். அதற்கு அடுத்து வந்த ஆர் 37க்கும் அதே 494 சிசிதான். பிஸ்டனின் அகலம் 68 மில்லிமீட்டர், அது நகரும் தூரம் 68 மில்லிமீட்டர், அதிலும் மாற்றமில்லை. ஆனால் 4000 சுற்றில் 16 குதிரைத்திறன். கிட்டத்தட்ட இரு மடங்கு. இதைச் செய்தவர் ருடால்ஃப் ஷ்லைஹர் என்ற இளம் இன்ஜினியர்.

"எப்படி?" என்றான்.

கணக்காகவே பார்த்தோம். சுற்று 3200இலிருந்து 4000க்குப் போனது. அது கால் பங்கு கூடுதல். அதனால் மட்டும் 8.5 என்பது 10.6 ஆகியிருக்கும். மீதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு முறை எரியும்போதும் முன்பைவிட ஒன்றரை மடங்கு வேலை நடந்திருக்கிறது. அதற்கு சிலிண்டருக்குள் அதிகக் காற்று போக வேண்டும், போனது நன்றாக அழுத்தப்பட வேண்டும்.

ஆர் 32இல் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்தது கீழிருந்து வந்து, மேலே ஏறி, வளைந்து உள்ளே போக வேண்டும். குறுகலான சந்து வழியாகக் கல்யாண மண்டபத்துக்குள் கூட்டம் நுழைவது மாதிரி. ஷ்லைஹர் வால்வுகளை சிலிண்டருக்கு மேலே, தலையிலேயே கொண்டுவந்தார். வாசல் நேராகத் திறந்தது. அழுத்த விகிதம் ஐந்திலிருந்து ஆறுக்கு மேல் போனது. இதனால் சூடு கூடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிலிண்டர் தலையை அலுமினியக் கலவையில் செய்தார். வால்வை இயக்கும் பாகங்களை மூடி போட்டு, உள்ளே எண்ணெய் கிடைக்கும்படி வைத்தார்.

அதோடு விடவில்லை. 1926இல் இங்கிலாந்தில் பக்ஸ்டன் ஊரை மையமாக வைத்து நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டிக்கு அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்த் தங்கப் பதக்கம் வாங்கினார். தான் கூட்டிய திறனைத் தானே ஆறு நாள் சோதித்துப் பார்த்த மனிதர்.

"அவர் ஒரு தடுப்பைக் கழட்டல, வண்டியோட தலையையே புதுசாப் பண்ணியிருக்கார்" என்றேன். மருமகன் பதில் சொல்லவில்லை, போனில் படம் எடுத்துக்கொண்டான்.

ஊதாங்குழல்

மியூசியத்திலிருந்து காரில் வடக்கே போனால் இங்கோல்ஸ்டெட்டர் சாலை. இன்றைக்கு அங்கே சிக்னல்களும் பெரிய கடைகளும் இருக்கின்றன. நகர எல்லையைத் தாண்டி நொய்ஹெர்பெர்க் பக்கம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தச் சாலையில் 1929 செப்டம்பரில் எர்ன்ஸ்ட் ஹென்னே என்பவர் 750 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியில் மணிக்கு 216 கிலோமீட்டருக்கு மேல் போய் உலக சாதனை வைத்தார்.

அவர் வண்டியில் கம்ப்ரஸர் இருந்தது. நம் பாட்டிகள் விறகடுப்பில் ஊதாங்குழல் வைத்து ஊதியது நினைவிருக்கிறதா? அதே வேலைதான். சாதாரண இன்ஜின் காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை உள்ளே தள்ளி ஊதுகிறது. ஊதினால் தீ சீறும், சட்டியும் சீக்கிரம் கருகும். எட்டு வருடம் கழித்து, 1937 நவம்பரில், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்து ஆட்டோபானில் அதே ஹென்னே வெறும் 500 சிசி இன்ஜினோடு, முழுக்க மூடிய உடல் போட்ட வண்டியில், 279.5 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அந்த சாதனையை 1951இல்தான் இன்னொருவர் முறியடித்தார்.

1939இல் மான் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தில் கம்ப்ரஸர் போட்ட 500 சிசி வண்டியில் ஜியார்க் மையர் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜெர்மானியர் அவர்தான். அதே பந்தயத்துக்கான பயிற்சியில் விழுந்து அவர் அணியைச் சேர்ந்த கார்ல் கால் இறந்துபோனார். வெற்றிப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள், கால் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அந்த வருடங்களின் சாதனைகளை நாஜி அரசு தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. போர் வந்த பிறகு மியூனிக்கின் ஆலாஹ் பகுதியில் இருந்த இதே கம்பெனியின் விமான இன்ஜின் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகளை வேலை வாங்கினார்கள். இங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வரலாறு தெரியும். நமக்கும் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் பேச்சு நேராக இருக்கும்.

இரட்டை மாட்டு வண்டி

இரட்டை சிலிண்டரில் திறன் கூட்டுவது என்றால் எல்லோரும் பெரிய கார்புரேட்டர், சத்தமான சைலன்சர் என்றுதான் யோசிப்பார்கள். அதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1973இல் வந்த ஆர் 90 வண்டியை இரண்டு விதமாக விற்றார்கள். சாதாரண வகை 60 குதிரைத்திறன். எஸ் வகையில் பெரிய டெல்லோர்ட்டோ கார்புரேட்டர், அழுத்த விகிதம் 9லிருந்து 9.5. கிடைத்தது 67. தொழிற்சாலையே உட்கார்ந்து செய்தும் 7 குதிரைத்திறன்தான் கூடியது. 1976இல் அமெரிக்காவின் டேடோனாவில் நடந்த சூப்பர்பைக் பந்தயத்தில் ஆர் 90 எஸ் வண்டிகள் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தன. அந்தப் பந்தய வண்டிகளுக்குப் பின்னால் ஒரு முழு அணி மாதக்கணக்கில் உழைத்திருந்தது.

ஆனால் இரட்டை சிலிண்டரில் முதல் வேலை வேறு. இரண்டு மாடு பூட்டிய வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒன்று இழுக்க, இன்னொன்று பின்வாங்கினால் வண்டி கோணலாகத்தான் போகும். இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு காற்று வாங்குகிறதா என்று வேக்யூம் கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வால்வு இடைவெளி சரியா, ஏர் ஃபில்டர் சுத்தமா, ஸ்பார்க் பிளக் இரண்டும் ஒரே நிறத்தில் எரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியில் இதைச் செய்தாலே தொலைந்துபோன திறன் திரும்பி வரும். சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்லை. மருமகனின் வண்டியில் இதை யாரும் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் துறை சார்ந்து ஒன்று. புதிய பைக்குகளில் கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் ஊற்றுகிறது. உள்ளே இருப்பது பெரிய மந்திரம் இல்லை, அட்டவணை. ஒரு பக்கம் சுற்று, இன்னொரு பக்கம் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று ஓர் எண். அந்த எண்களை மாற்றித் தருகிறோம் என்று விற்கிறவர்கள் உண்டு. காற்று கூடாமல் எண்ணை மட்டும் மாற்றினால் கிடைப்பது கொஞ்சம்தான். தவறாக மாற்றினால் பிஸ்டன் உருகும். நான் ஆபீஸில் சோதிக்காமல் ஒரு வரி கோட் மாற்றினால் யாராவது திட்டுவார்கள், அவ்வளவுதான். இதில் சோதனை நடப்பது சாலையில்.

கோவையில் ஒரு ராஜ்தூத்

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்க் கதை ஒன்றும் சொன்னேன். 1980களில் இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்.டி. 350ஐ ராஜ்தூத் என்ற பெயரில் செய்து விற்றது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஜப்பானில் 39 குதிரைத்திறன் இருந்த வண்டியை, மைலேஜ் வேண்டும் என்பதற்காக, இங்கே முதலில் 30.5, பிறகு 27 என்று குறைத்துக் கொடுத்தார்கள். சொல்லப்போனால் அதுவும் ஒரு ட்ரோசல்தான். அது போதாது என்று கோவை, சென்னை மெக்கானிக்குகள் சைலன்சரையும் கார்புரேட்டரையும் மாற்றி, போர்ட்டை அராவி, இழந்ததைத் திரும்ப எடுத்தார்கள். கோவை ஊரே மோட்டாரும் பம்ப்பும் செய்கிற ஊர், லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

என் சித்தப்பா ஒரு ராஜ்தூத் வைத்திருந்தார். அவர் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "ஓடறதுக்கு ஆள் ஆளுக்கு வழி சொன்னாங்க, நிக்கறதுக்கு ஒருத்தனும் சொல்லல." காரணம், ஜப்பானிய வண்டியின் முன் சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக், ராஜ்தூத்தில் டிரம் பிரேக் ஆகிவிட்டது. குறைத்த திறனுக்கு அது போதும் என்று வைத்தது. திறனை மட்டும் திரும்பக் கூட்டியவர்கள் பிரேக்கை அப்படியே விட்டார்கள்.

"என் பைக்ல ஒரிஜினல் டிஸ்க்தான் மாமா" என்றான் மருமகன். உண்மைதான். அவன் பைக் முழுத் திறனுக்காகவே கட்டப்பட்டது, பிரேக்கும் அதற்கு ஏற்றதுதான். ஏற்றதாக இன்னும் ஆகாதது ஓட்டுகிறவனின் கை. ஜெர்மன் ஓட்டுநர் பள்ளியில் சொல்லித்தரும் கணக்கை அவனே சொன்னான். வேகத்தைப் பத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் பிரேக் தூரம் மீட்டரில் வரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர். 140இல் 196 மீட்டர். அவசரமாகப் பிடித்தால் இதில் பாதி. வேகம் கூடியது நாற்பது சதவீதம், நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரு மடங்கு.

பத்திரத்தில் யார் பெயர்?

இனி பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

ஏ2 லைசென்ஸ் வைத்திருப்பவர் ட்ரோசலைக் கழற்றிவிட்டு ஓட்டினால், அது 'சின்ன விதிமீறல்' இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 21ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம். மொபெட் வேகத்தைக் கூட்டி ஓட்டும் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே பிரிவுதான் வந்து நிற்கும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. வண்டியின் உரிமையாளர் தெரிந்தே ஓட்ட விட்டால் அவரும் குற்றவாளி. கவனக்குறைவால் விட்டாலும் தண்டனை உண்டு. நம் வீடுகளில் இன்ஷூரன்ஸ் குறையும் என்று பிள்ளையின் பைக்கை அப்பா அல்லது அம்மா பெயரில் பதிவு செய்வது சகஜம். மருமகனின் பைக்கும் அக்கா பெயரில்தான் இருந்தது.

விபத்து நடந்தால் எதிராளிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும். ஆனால் நம்மிடம் 5000 யூரோ வரை திரும்பக் கேட்கலாம். நம் வண்டிக்கு வர வேண்டிய முழுக் காப்பீடும் கையை விட்டுப் போகலாம். பைக்கின் அனுமதியே செல்லாமல் போகும் என்பது தனி.

சைலன்சர் விஷயமும் இப்படித்தான். அனுமதி முத்திரையோ அதற்கான தாளோ இல்லாத பாகத்தைப் பூட்டினால், டி.யூ.வி. அல்லது டெக்ராவில் காட்டிச் சரி என்று எழுதி வாங்க வேண்டும். எல்லை தாண்டினால் இன்னும் கடுமை. ஃப்யூசன் பக்கத்தில் எல்லையைக் கடந்தவுடன் வரும் ஆஸ்திரியாவின் ராய்ட்ட வட்டாரத்தில், நின்ற நிலையில் 95 டெசிபெலுக்கு மேல் சத்தம் என்று பத்திரத்தில் பதிவான பைக்குகளை 2020 கோடையிலிருந்து சில சாலைகளில் விடுவதில்லை.

இதை நான் சொல்லி முடித்தபோது மருமகன் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்கும் கேஸ் வருமா?"

தனக்கு வரும் தண்டனையை அவன் முன்பே படித்திருந்தான், அது அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அம்மா பெயர் அதில் வரும் என்பது அவனுக்குப் புதிது. அக்காவுக்கும் புதிது. இரண்டு பேரும் இந்த விஷயத்தைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பதிவுப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்ததே இல்லை.

கெஸல்பெர்க்

மறுநாள் ஞாயிறு. அவன் பைக்கிலும் நான் காரிலுமாகத் தெற்கே ஒரு மணி நேரம் போய் கோஹல் ஊரை அடைந்தோம். அங்கிருந்து வால்ஹன் ஏரிக்கு ஏறும் கெஸல்பெர்க் மலைச் சாலை பவேரியா முழுக்கப் பிரபலம். ஏற்காடு, வால்பாறை ஏறியவர்களுக்கு அந்த வளைவுகள் பழக்கமானதாக இருக்கும். 1920களிலும் 30களிலும் இங்கே மலையேற்றப் பந்தயம் நடந்தது. இன்றைக்கு சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கோஹலிலிருந்து மேலே ஏறும் திசையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. விபத்தும் சத்தமும்தான் காரணம். சட்டப்படி ஓட்டுகிற ஆயிரம் பேரும் சேர்ந்துதான் அந்தச் சாலையை இழந்திருக்கிறார்கள்.

பைக்கைக் கீழே நிறுத்தச் சொல்லிவிட்டு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். 60இல் வந்தால் யோசிக்க 18 மீட்டர், பிரேக்குக்கு 36. 80இல் வந்தால் 24, 64. "இந்த வளைவுக்குப் பின்னாடி 54 மீட்டர் தெரியுது மாமா, 88 தெரியல."

இறங்கி வந்து, மலை அடிவாரத்தில் இருக்கும் வால்ஹன்ஸே மின் நிலையத்தைப் பார்த்தோம். 1924இல் ஓட ஆரம்பித்தது. மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் உள்ள 200 மீட்டர் உயர வித்தியாசத்தில் தண்ணீரைக் குழாயில் இறக்கி, 124 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். அவ்வளவு திறனும் வால்வுகளுக்கும் மதகுகளுக்கும் பின்னால்தான் நிற்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை, அவன் அங்கே ரொம்ப நேரம் நின்றான்.

திரும்பும்போது ஒரு விஷயம் பேசினோம். சென்னை பக்கத்தில் செய்யும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். ஏ2 வரம்புக்குள் அப்படியே அடங்கும், அடைக்க வேண்டியதே இல்லை. ஒரு லிட்டர் கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டால் ஆர் 32இல் 17 குதிரைத்திறன், ஆர் 37இல் 32, ஆர் 90 எஸ்ஸில் 75, இந்த என்ஃபீல்டில் 72. "அப்போ பந்தய வண்டி அளவு திறன் இப்போ தொடக்கக்காரங்களுக்கே கிடைக்குது" என்றான். அவன் தன் பைக்கை விற்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் 35 கிலோவாட் என்பது தண்டனை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது எனக்குத் தெரிந்தது.

இப்போது

அந்த உலோகத் துண்டு இன்னும் அவன் பைக்கில் இருக்கிறது. ஏ2 எடுத்து இரண்டு வருடம் ஆனால் ஒரு செய்முறைத் தேர்வு மட்டும் எழுதி ஏ லைசென்ஸுக்கு மாறலாம், தியரி தேர்வு கிடையாது. அதற்குப் பிறகு துண்டைக் கழற்றி, டி.யூ.வி.யில் காட்டி, பத்திரத்தில் மாற்றி, இன்ஷூரன்ஸுக்குச் சொன்னால் 70 கிலோவாட்டும் அவனுக்கு முறையாகச் சொந்தம். அதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இடையில் ஒரு பாதுகாப்பு ஓட்டப் பயிற்சிக்குப் போய் வந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டு சிலிண்டரையும் சமன் செய்தோம். வண்டி கீழ்ச் சுற்றில் உதறுவது நின்றுவிட்டது.

அக்காவுக்கு பயம் போகவில்லை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று மெசேஜ் போடும் வரை தூங்குவதில்லை. ஆனால் "வேண்டாம்" என்பதோடு பேச்சு முடிவதில்லை. இப்போது "டயர் காற்று பார்த்தியா?" என்று கேட்கிறார், அவனும் பதில் சொல்கிறான்.

மியூசியத்துக்குப் போகிறவர்கள் யு3 ரயிலில் ஒலிம்பியாசென்ட்ரும் நிறுத்தத்தில் இறங்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. கெஸல்பெர்க்குக்கு வார நாளில் போனால் பைக்கிலேயே ஏறலாம். போவதற்கு முன்னால், இன்று மாலையே, வீட்டில் இருக்கும் மொபெட் அல்லது பைக்கின் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.